பதினாலு வாய்

குரல் பதிவு செய்யும் கண்ணாடி அறைக்குள் மாணவியைக் கூப்பிட்டு, கார்ட்டூன் ஆசிரியர் கதவை அறைந்து சாத்தினார். உள்ளே தொண்டை கிழியக் கத்தினாலும் வெளியே கேட்காது. அவளை வீட்டுக்குக் கூட்டிப்போக வந்த கணவர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தார்.

"ஒரு பூனை பேச, திறந்த வாய் ஒண்ணு, மூடின வாய் ஒண்ணு போதும்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன். நீங்க பதினாலு வாய் வரைஞ்சு வெச்சிருக்கீங்க!"

"ரெண்டு வாய்ல அது பேசல சார், மெல்லுது."

ஆசிரியருக்குச் சுர்ரென்று ஏறியது. "எனக்கே பாடம் நடத்தறீங்களா? மூணு வாரமா வாயையே வரைஞ்சீங்க. குரல் எங்கே?"

"குரல் வேணாம் சார். இப்படியே பாருங்க."

அவள் படத்தை ஓடவிட்டாள். கம்ப்யூட்டர் திரையில் பூனை சத்தமே இல்லாமல் வாயசைத்தது. வெளியே கணவர் வயிறு குலுங்கச் சிரித்தார்.

"ஊமைப் படத்துக்கு அந்த மனுஷன் எதுக்கு இளிக்கறார்? சொன்னதைக் கேட்கத் துப்பில்ல, இதுல துணைக்கு ஆள் வேற. மரமண்டை!"

சிரிப்பு சட்டென்று நின்றது. கதவைத் தள்ளிக்கொண்டு வந்த கணவர், செல்போனை ஆசிரியரின் மூக்குக்கு நேரே நீட்டினார். ‘யார் மரமண்டை? அவகிட்ட மன்னிப்புக் கேள்!’ என்று கொட்டை எழுத்தில் இருந்தது.

ஆசிரியருக்கு வேர்த்துவிட்டது. "கதவு சாத்தித்தானே இருந்துது... இவருக்கு எப்படிக் கேட்டுச்சு?"

"கேக்கல சார். அவருக்குப் பொறந்ததுலேர்ந்தே காது கேக்காது" என்றாள் அவள். "முதல்ல பூனை வாயைப் பாத்தாரு. அப்புறம் உங்க வாயைப் பாத்தாரு."