தாத்தாவுக்கு வந்த கெட்ட பெயர்

"நாளைக்குப் பார்ட்டிக்கு வரேன்டா. ஆனா பீரைத் தொடமாட்டேன், கட்டாயப்படுத்தாதே. எங்க தாத்தா குடிச்சே செத்தவர். அந்த ரத்தம்தானே எனக்கும்?"

ஸ்ரீநாத் டெலிபோனில் சொன்னது, எள்ளுருண்டைத் தட்டோடு அந்தப் பக்கம் வந்த ஜலஜாவின் காதில் விழுந்தது. தட்டு விழாமல் இருந்ததே பெரிய விஷயம்.

அன்றைக்குத்தான் அந்தத் தாத்தாவுக்குத் தெவசம். சாஸ்திரிகள் மயிலாப்பூர் வீட்டைவிட்டு இறங்கி அரைமணிகூட ஆகவில்லை. ஜலஜா தாத்தாவின் ஒரே பெண். அடையாறிலிருந்து காலையிலேயே பஸ் ஏறி வந்திருந்தாள்.

"என்னடா சொன்னே? யாருடா குடிச்சா?"

"தாத்தாதான், அத்தே. அப்பாதான் சொல்லியிருக்கா. உனக்குத் தெரியாதா?"

தட்டை டக்கென்று மேஜையில் வைத்துவிட்டு நேரே தம்பியின் அறைக்குப் போனாள். கபாலி பஞ்சகச்சத்தைக்கூட அவிழ்க்காமல், அப்பா படத்துக்குக் கீழே ஈஸிசேரில் சாய்ந்திருந்தான்.

"ஏன்டா, உனக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சா? நம்ப அப்பா குடிகாரரா?"

கபாலி எழுந்துபோய்க் கதவைச் சாத்தினான்.

"எதுக்குடா சாத்தறே? டானிக் பாட்டில்ல ஆல்கஹால்னு போட்டிருக்குன்னு லேபிளைப் படிச்சுட்டு, டாக்டர்கிட்டயே திருப்பிக் குடுத்த மனுஷன்டா! காபியே கெட்ட பழக்கம்னு மோர் குடிச்சிண்டிருந்தார். இந்த மாடவீதியில ஹெட்மாஸ்டர் வரார்னா, பீடி பிடிக்கறவன் கையைப் பின்னாடி மறைச்சுப்பான். காலம்பற அவர் பேரையும் கோத்ரத்தையும் சொன்ன வாயாலயே குடிகாரர்னும் சொல்லியிருக்கியே!"

"மெதுவாப் பேசேன், அக்கா."

"மாட்டேன்!"

ஜலஜா அழவே ஆரம்பித்துவிட்டாள். அவளைத் தப்பு சொல்ல முடியாது. செத்துப்போன அப்பாவுக்குக் கெட்ட பேர் வாங்கிக் கொடுக்கும் பிள்ளையை வேறு எப்படிக் கொஞ்சுவதாம்?

"அதுவும் யார்கிட்ட! அப்பா மூக்கு, அப்பா பிடிவாதம் எல்லாத்தையும் உரிச்சு வெச்சுண்டு பொறந்திருக்கானே குழந்தை, அவன்கிட்டயா?"

கபாலி அவளை நிமிர்ந்து பார்த்தான். சிரிப்பும் வந்தது, கண்ணில் தண்ணீரும் வந்தது.

"அக்கா, நீ நெஜமாவே மறந்துட்டியா?"

"எதை?"

"அவன் எப்படிக்கா நம்ப அப்பா மூக்கோட பொறப்பான்?"

ஜலஜா மறந்துதான் போயிருந்தாள். தம்பியும் அவன் பெண்டாட்டி சுப்புலக்ஷ்மியும் சுவீகாரம் எடுத்த அந்தப் பச்சைக் குழந்தையை மடியில் வாங்கி முதன்முதலில் சர்க்கரைத் தண்ணீர் புகட்டியவளே அவள்தான். அன்றைக்கே அத்தை ஆகிவிட்டாள். அப்புறம் மற்றதெல்லாம் எதற்கு ஞாபகம் இருக்க வேண்டும்?

"என் ஆபீஸ் பார்த்தசாரதியோட குழந்தைக்கா அவன். பார்த்தசாரதி தங்கமானவன். குடிதான் அவனை விடலை. அவன் அப்பாவும் அதுலதான் போனார். பிரசவத்துல பெண்டாட்டி போனதும், 'இது என் கையில வளர வேண்டாம்'னு அவனே கொண்டுவந்து சுப்பு மடியில போட்டான். அடுத்த வருஷம் ஈரல் கெட்டு அவனும் போயிட்டான்."

"அதுக்கும் அப்பாவுக்கும் என்னடா?"

"ஸ்ரீநாத் காலேஜ் சேர்ந்தப்போ டாக்டரைக் கேட்டேன். இது பரம்பரையா வரலாமாம். வந்தே தீரும்னு இல்லை, ஆனா மத்தவாளைவிட ஆபத்து ஜாஸ்தி, அவன்கிட்ட சொல்லி வைங்கோன்னார். ரத்தத்துல இருக்குன்னு சொன்னா, யார் ரத்தம்னு கேப்பானே? அதைச் சொல்ல சுப்புவுக்கு மனசு வரலை. எனக்கும்தான்."

"அதனால அப்பா தலையில போட்டுட்டியா?"

"நான் குடிப்பேன்னு சொன்னா நம்பணுமே. தினம் என்னைப் பாக்கறான். அவன் பொறக்கறதுக்கு முன்னாடியே போனவர் அப்பாதான். வருஷா வருஷம் பிண்டம் வைக்கறச்சே அவர்கிட்ட மன்னிப்புக் கேட்டுக்கறேன், அக்கா. இன்னிக்கும் கேட்டேன்."

ஜலஜாவுக்குக் கோபம் போன இடம் தெரியவில்லை. இந்தத் தம்பியையா திட்டினோம் என்றிருந்தது. புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

கதவு தட்டும் சத்தம். ஸ்ரீநாத்.

"அத்தே, நீ இவ்வளவு கோவிச்சுக்கறதைப் பாத்தா எனக்குச் சந்தேகமா இருக்கு. தாத்தா குடிக்கவே மாட்டாரா? அப்பா சும்மா பயமுறுத்தறதுக்குச் சொன்னதா?"

கபாலி அக்காவைக் கெஞ்சுகிற மாதிரி பார்த்தான்.

"அப்படின்னா சொல்லிடு. பசங்க ஒரே ஒரு கிளாஸ்தானேன்னு கேட்டுண்டே இருக்கா. நாளைக்கு நானும்..."

ஜலஜா சுவரில் மாலையோடு இருந்த ஹெட்மாஸ்டரை ஒருதரம் ஏறிட்டுப் பார்த்தாள். மனசுக்குள்ளேயே ஒரு நமஸ்காரம் பண்ணினாள். அப்புறம் ஸ்ரீநாத்தின் கன்னத்தைத் தடவினாள்.

"வெளில சொல்லாதேன்னுதான்டா கோவிச்சுண்டேன், கண்ணா. உங்க தாத்தா மாதிரி குடிச்சவர் இந்த மாடவீதியிலேயே கிடையாது!"