பெட்டிப் பக்கத்துச் சத்தம்

பின்னால் வருகிறவன் மறுபடியும் விளக்கைப் போட்டுப் போட்டு அணைத்தான்.

நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் ஹாண்டில் ஒரு பக்கம் இழுக்கும். இழுத்தால் இந்தக் கணவாய்ச் சாலையில் பெட்டிச் சக்கரம் விளிம்பைத் தாண்டிவிடும். அப்புறம் கீழே ஓடும் நாரின் என்கிற ஆறுதான்.

ஆக்ஸிலேட்டரை முறுக்கினேன்.

இந்த மாதத்தில் மட்டும் இங்கே இரண்டு பேரை மடக்கி, அடித்துப் போட்டுவிட்டு, வண்டியைக் கொண்டுபோய்விட்டார்கள். பக்கத்தில் ஒரு பெட்டி பூட்டிய சோவியத் காலத்துப் பச்சை மோட்டார் சைக்கிள், கிழம்தானே என்று நகரத்துக்காரர்கள் சிரிக்கலாம். என் கணவர் மாஸ்கோவில் செங்கல் சுமக்கிறார். ஊர்ப் பாலையெல்லாம் தினமும் மலை இறக்கிக் கொண்டுபோவது நானும் அந்தக் கிழமும்தான். அது போனால் என் பிழைப்பும் போச்சு.

திருடுவதும் சுலபம். சாவி என்று பேர், அது ஒரு மொட்டை ஆணி. எங்கள் பக்கத்தில் எவர் ஆணியும் எவர் வண்டிக்கும் பொருந்தும்.

இதைச் சொல்லிப் புலம்பியபோதுதான் சந்தையில் சம்சா விற்கும் உல்ஜான் கிண்டல் செய்தாள்.

“உன் கிழவியத் திருடுறவன் பாவம்டி, கான்ஷாயிம். உதைச்சு உதைச்சே அவன் இடுப்பு கழண்டுரும்.”

பொய்யில்லை. குளிர்காலத்தில் அதைக் கிளப்புவதற்குள் எனக்கு உயிர் போய்விடும். ஆனால் இன்று நடந்ததே வேறு. உல்ஜானிடம் டீ குடித்துவிட்டு வருவதற்குள் பனி கொட்டி, வேலியோரம் நின்ற வண்டிகளையெல்லாம் வெள்ளையாக்கியிருந்தது. இருக்கையைத் துடைத்தேன், ஆணியைச் செருகினேன், ஓர் உதை. ஒரே உதையில் கிளம்பிவிட்டது! போன வாரம் பிளக்கைக் கழற்றிச் சுரண்டியதற்குப் பலன் என்று எனக்கு நானே சபாஷ் போட்டுக்கொண்டேன்.

அந்தச் சந்தோஷம் கணவாய் வரைதான்.

பின்னால் ஹாரன். விடாமல் ஹாரன். அவனுடையதும் கிழட்டு வண்டிதான், இருமி இருமி வந்தது. எல்லாக் கிழங்களும் ஒரே மாதிரிதான் இருமும். அவன் ஏதோ கத்தினான். என் காதை மூடி ரோமத் தொப்பி, அதற்கு மேல் சால்வை. ஒன்றும் புரியவில்லை. தனியாகப் போகிற பெண்ணைத் துரத்துகிறவன் நல்லதா சொல்லப்போகிறான்?

ஒரு பள்ளத்தில் விழுந்து எழுந்தபோது பெட்டிப் பக்கமிருந்து கீச்சென்று ஒரு சத்தம் வந்தது.

பேரிங். கிரீஸ் காய்ந்திருக்கும்.

அடுத்த பள்ளத்தில் மறுபடியும் கீச். சக்கரம் இந்த இடத்தில் இறுகிக்கொண்டால் நான் தொலைந்தேன். வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக அதைக் கழற்றிக் கிரீஸ் வைக்க வேண்டும் என்று நினைத்தேன். வீடு போய்ச் சேர்ந்தால்.

கொஞ்ச தூரத்தில் சத்தம் நின்றது. ஓடிச் சூடானதில் இருந்த கிரீஸ் இளகிவிட்டது போலும். ஒரு பயமாவது குறைந்தது.

அப்போது எஞ்சின் திக்கியது.

டாங்க்குக்கு அடியில் கையை விட்டுக் குழாயை ரிசர்வுக்குத் திருப்பினேன். என்ன ஆனாலும் ரிசர்வில் கை வைக்காதவள் நான். இன்று அதிலும் ஒரு சொட்டு இல்லை. சந்தையில் எவனோ உறிஞ்சியிருக்கிறான். அவனும் இவனும் கூட்டாளிகளாகத்தான் இருக்க வேண்டும்.

வண்டி ஏற்றத்தில் நின்றுபோனது.

இருமல் நெருங்கி வந்தது. டாங்க்கின் மேலிருக்கும் மூடியைத் திறந்து, ஸ்பேனர் வைக்கும் குழிக்குள் கையை விட்டேன். கனமாக ஏதோ அகப்பட்டது. உருவி ஓங்கினேன்.

“கிட்ட வந்தே, மண்டைய ஒடச்சிருவேன்!”

அவன் வண்டியிலிருந்து குதித்து ஓடி வந்தான். இளம் வயது. மீசையில் கண்ணீர் உறைந்திருந்தது. என்னை அவன் பார்க்கவே இல்லை. என்னைத் தாண்டிப் போய், பெட்டியை மூடியிருந்த தார்ப்பாயின் முடிச்சைப் பல்லால் கடித்து இழுத்தான்.

ஓங்கிய என் கையை அப்போதுதான் பார்த்தேன். கம்பளிக் காலுறைக்குள் செருகிய ஒரு பால் புட்டி. இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது.

அவன் விட்டுவிட்டு வந்த வண்டியைத் திரும்பிப் பார்த்தேன். முன் மட்கார்டில் நான் கம்பி சுற்றிக் கட்டிய விரிசல். காற்றில் விலகிய தார்ப்பாய்க்கு உள்ளே என் பால் கேன்கள்.

“மருந்துக் கடைக்குள்ள போயிட்டு வர்றதுக்குள்ள, அக்கா... மருந்துக் கடைக்குள்ள...” அதற்கு மேல் அவனுக்கு வரவில்லை.

முடிச்சு அவிழ்ந்தது. உள்ளே ஆட்டுத்தோல் சுற்றிய ஒரு பொதி. அசைவில்லை. சத்தமில்லை.

எவ்வளவு நேரமாகச் சத்தமில்லை என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். புட்டியோடு பெட்டியின் மேல் குனிந்தேன்.

அவன் தோலை விலக்கினான். சிவப்புக் கம்பளிக் குல்லாய். அதன் கீழே இரண்டு கண்கள், இமைக்காமல், என்னையே பார்த்தன.

பிறகு அந்தச் சின்ன வாய் கோணியது.

கீச்சென்று வந்தது அழுகை. நான் கிரீஸ் வைக்க இருந்த சத்தம்.