அறாத கம்பி

மாவு மில்லில் ஒரு மோட்டாரும், அதற்கு மின்சாரம் விடும் பீங்கான் ஃபியூஸ் கட்டையும் இருந்தன. மோட்டார் திணறும்போதெல்லாம் கட்டையில் இருந்த மெல்லிய கம்பி உருகி, மின்சாரம் நின்றுவிடும்.

“கூட்டம் நிக்கிறப்ப மானத்தை வாங்குறியேடா!” என்று மோட்டார் திட்டும்.

“இந்தக் கம்பி கருகலேன்னா நீங்க கருகிடுவீங்கண்ணே” என்று கட்டை சொல்லும்.

தொல்லை பொறுக்காத முதலாளி, மெல்லிய கம்பியைப் பிடுங்கிவிட்டுத் தடித்த செம்புக் கம்பியைச் சுற்றினார். மோட்டார் குஷியாகிவிட்டது.

“வேண்டாம்ணே, எவ்வளவு கரண்ட் போனாலும் இது அறாது” என்று கட்டை கெஞ்சியது.

“பொறாமை புடிச்சவனே, வாயை மூடு!”

தீபாவளி நெருக்கத்தில் ஈர அரிசி கல்லில் அடைத்துக்கொண்டது. சுற்ற முடியாத மோட்டார் மின்சாரத்தை இழுத்துக்கொண்டே இருந்தது. செம்புக் கம்பி விட்டுக்கொண்டே இருந்தது. உள்ளே இருந்த காயில் சுருள் புகைந்து மோட்டார் கருகியது.

“மட்டமான மோட்டார். கம்பியைப் பாரு, அப்படியே இருக்கு” என்ற முதலாளி, அதே கம்பியில் புது மோட்டாரை மாட்டினார்.

புது மோட்டார் பயந்துகொண்டே கேட்டது: “நல்ல கம்பிதானேண்ணே?”

வாங்கிய திட்டெல்லாம் கட்டைக்கு இன்னும் ஆறவில்லை.

“ரொம்ப நல்ல கம்பி தம்பி. அறவே அறாது” என்றது.