ஆளுக்கொரு தேர்தல்

எங்கள் ஊர் மாரியம்மன் மேல் ஆணை. இதில் ஒரு எழுத்து பொய் என்றாலும் இந்த வருஷக் குறுவை எனக்குப் பதராய்ப் போகட்டும்.

செங்கொடிச் சங்கத்துக் காத்தான் தஞ்சாவூர்க் கல்லூரி வாசலில் பஸ்ஸை விட்டு இறங்கினார். மாணவர் தேர்தல். அவர் மகன் கோவிந்தராசு பெஞ்சு மேல் ஏறி ஆளுங்கட்சிக்கு ஓட்டுக் கேட்டுக்கொண்டிருந்தான். இடுப்பில் கட்சிக் கரை வேட்டி.

"ஊர்ல சொன்னாங்க. நான் நம்பலை" என்றார் காத்தான்.

"வெயில்ல நிக்காதீங்கப்பா. டீ சாப்பிடலாம் வாங்க."

டீக்கடையில் காத்தான் வீங்கின காலை நீட்டிக்கொண்டார்.

"கூலி கேட்டு வயல்ல எறங்கினதுக்கு பன்னெண்டு பேரைப் புடிச்சாங்க. பதினோரு பேரு இன்னும் சப் ஜெயில்ல. நான் மட்டும் அன்னைக்கே வெளிய வந்தேன். எப்படி?"

"நீங்கதான் சொல்லுங்களேன்."

"இன்ஸ்பெக்டரை ஒரு மொறை மொறைச்சேன். தொப்பி கழண்டு விழுந்துச்சு. ரெண்டு ஏட்டு தரங்கம்பாடி வரைக்கும் ஓடினாங்க. எனக்குப் பொறந்துட்டு, பண்ணையாருக்குப் போலீஸ் அனுப்புற கட்சிக்கு ஓட்டுக் கேக்குறியே, வெக்கமா இல்ல?"

கோவிந்தராசு டம்ளரையே பார்த்தான். "அலுப்பா இருக்குப்பா."

"எனக்குந்தான். இனிமே வீட்டுப் பக்கம் வராதே."

அப்போது ஆளுங்கட்சி மாணவர் தலைவன் துரைராசு வந்து சைக்கிளை நிறுத்தினான்.

"உங்கப்பாவா? வணக்கங்க. கோவிந்தராசு, மாவட்டச் செயலாளர் ஒத்துக்கிட்டாரு. மத்த பதினோரு பேரையும் வெள்ளிக்கிழமை விட்டுருவாங்க. ஆனா அதே பேச்சுதான், ஆளுக்கொரு தேர்தல். அப்பாவை வெளிய விட்டதுக்கு இந்தத் தேர்தலோட சரி. இன்னும் பதினோரு தேர்தலுக்கு நீ எங்க மேடையில ஏறணும்."

"ஏறுறேன்" என்றான் கோவிந்தராசு, கண்ணை மூடிக்கொண்டு.

காத்தானின் டீயில் ஆடை படிந்தது. தோளில் கிடந்த சிவப்புத் துண்டை எடுத்து மடித்து மகன் மடியில் வைத்துவிட்டு, துரைராசு பக்கம் திரும்பினார்.

"தம்பி, அந்தக் கரை வேட்டி இன்னொண்ணு கெடைக்குமா? பதினோரு தேர்தலையும் என் பேர்ல எழுதிக்க. பய படிக்கட்டும்."

வெள்ளிக்கிழமை வெளியே வந்த பதினோரு பேரும், கட்சி மாறிய காத்தானோடு பேச்சை விட்டார்கள். முதலில் விட்டவன் பேரைக் கேட்காதீர்கள். இதைச் சொன்னவன் பேரையும் வெளியே விடாதீர்கள்.

இரண்டும் ஒரே பேர்தான்.