மூன்றாவது லினக்ஸ்

அமாவாசை. ஆரணியில் தறிகளுக்கு லீவு. தெருவே கப்சிப்பென்று கிடந்தது, பக்கத்து வீட்டைத் தவிர.

டடக்... டடக்... டடக்...

ஹெப்சிபாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கைக்குழந்தை இப்போதுதான் தூளியில் கண்ணயர்ந்திருக்கிறது. போன அமாவாசையன்று அது அழுத அழுகையில் இவளும் சேர்ந்து அழுதாள். வயிற்று வலியோ, என்ன கண்றாவியோ என்று பயந்து, தூக்கிக்கொண்டு டாக்டர் வீட்டுக்கே ஓடினாள். இன்றைக்கும் எழுந்துவிட்டால்?

பக்கத்து வீட்டுக் குமரேசனிடம் தறி கிடையாது. பட்டுப்புடவைக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போடுகிறவன். அந்தப் பெட்டியை நோண்டுவதுதான் அவனுக்குப் பொழுதுபோக்கு. இந்த வாரம் முழுக்க, கம்ப்யூட்டரை ஓட்டுகிற லினக்ஸ் என்ற மென்பொருளை வகை வகையாக மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருக்கிறான் என்று அவன் பெண்டாட்டி கீதாவே புலம்பினாள்.

விடுவிடுவென்று போய் நின்றாள் ஹெப்சிபா.

"ஏண்ணா, இது கம்ப்யூட்டரா, ரைஸ் மில்லா? ஃபேன் கழண்டுடுச்சா?"

"ஃபேனெல்லாம் நல்லாத்தாம்மா கீது."

"அப்ப அந்த லினக்ஸ் பண்ற வேலையா? வாரம் பூரா மாத்தினது இதுக்குத்தானா?"

"ஆமாம்மா, இதுக்கேதான்!" குமரேசனுக்கு முகமெல்லாம் பல். "மூணாவது லினக்ஸ்லதான் சரியாச்சு."

"இதுவா சரி? வீட்ல பச்சக் குழந்தை தூங்கிகினு இருக்குது. தெருவே ஒரு நாள் வாயை மூடினா உங்களுக்குப் பொறுக்காதே!"

"அதுக்கில்லம்மா, பாப்பாவுக்கு..."

"பாப்பா எழுந்தா நீங்களா வந்து ஆட்டுவீங்க? பேஜார் பண்ணாம மொதல்ல நிறுத்துங்கண்ணா!"

குமரேசன் தலையைச் சொறிந்தான். "நிறுத்திடட்டுமா? அப்புறம் என்னைச் சொல்லக் கூடாது."

ஒரு பட்டனைத் தட்டினான்.

நிசப்தம்.

ஹெப்சிபா பெருமூச்சு விட்டாள். பாதி மூச்சுதான் விட்டிருப்பாள்.

"வீல்ல்ல்!" சுவருக்கு அந்தப் பக்கம்.

"தறிச் சத்தத்துலயே பொறந்து வளர்ற புள்ளம்மா, சத்தம் நின்னா முழிச்சுக்குது" என்றான் குமரேசன். "போன அமாவாசை நீங்க பட்ட பாட்டைப் பார்த்துட்டுத்தான் எதிர்வீட்டுத் தறியைச் செல்லுல ரெக்கார்டு பண்ணேன். செல்லு சத்தம் சுவரைத் தாண்டல. கம்ப்யூட்டர்ல போட்டா, மொத ரெண்டு லினக்ஸ்லயும் ஸ்பீக்கர் வாயே தொறக்கல. அதுக்குத்தான் மூணு லினக்ஸ்."

அதற்குள் வாசல் தாண்டிவிட்ட ஹெப்சிபா, திரும்பிப் பார்க்காமலே கத்தினாள்:

"ஜல்தி போடுங்கண்ணா! இன்னும் கொஞ்சம் சவுண்டா!"