ஐந்து தரம் நின்றவள்

கல்முனையில் ஆண்கள் தூரப் பயணம் புறப்பட்டால், விடியுமுன் எழும்பிப் பொதிச்சோறு கட்டுகிறவளின் பெயர் பயணிகளின் பட்டியலில் இருப்பதில்லை. 1979 டிசம்பரில் சைக்கிள் சங்கத்தார் பண்டாரவளைக்குப் புறப்பட்டபோது மட்டும், பட்டியலின் கடைசியில் ஒரு பெண் இருந்தாள். சுபைறா. சவளக்கடை ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிற டீச்சர். தினமும் சைக்கிளில் போய்வருகிறவள்.

சங்கம் இரண்டு நிபந்தனை போட்டிருந்தது. கூடப்பிறந்த மூத்தவன், ஜெமீல் காக்கா, துணைக்கு வர வேண்டும். பயணம் குறையில்லாமல் முடிந்தால் மட்டுமே அங்கத்துவம். அந்த அங்கத்துவத்துக்கு அவள் இரண்டு வருடமாக மனு எழுதிக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் நாள் வெல்லவாயவில் சுபஹ் தொழுதுவிட்டு எல்ல மலையில் ஏறத் தொடங்கினார்கள். தலைவர் ஷரிபுதீனின் கழுத்தில் விசில் தொங்கியது.

"இறங்கித் தள்ள நினைக்கிற ஆக்கள் இப்பவே பஸ்ஸுக்குப் போங்க," என்றார்.

கடற்கரை மனிதர்கள் அறியாத குளிர். ஹேண்டிலைப் பிடித்த விரல்கள் மரத்துப்போயின.

இரண்டாவது வளைவில் சுபைறா நின்றாள். "கால் பிடிச்சிட்டு. கொஞ்சம் நில்லுங்க."

எல்லோரும் நின்றார்கள். ஷரிபுதீன் மதகில் காலை ஊன்றிக்கொண்டு, "ஏலாட்டி என்னத்துக்கு வந்த நீங்க?" என்று தொடங்கி நல்ல நேரம் ஏசினார். பிறகு புறப்படச் சொல்லி விசில் ஊதினார்.

அரை மைல் போகவில்லை. மறுபடியும் நின்றாள். அடுத்த மைலில் மூன்றாம் தரம்.

"டீச்சர், இந்த வேகத்துல போனா நோன்புப் பெருநாளைக்குத்தான் பண்டாரவளை," என்றான் கூட வந்த றஸாக்.

"அதுக்கு முதல் ஊர்ல இருந்து தேடி வருவாங்க," என்றார் ஷரிபுதீன். சிரிப்பு எழுந்தது. சுபைறா சிரிக்கவில்லை.

ஜெமீலும் சிரிக்கவில்லை. முதல் தரம் அவள் தடவியது வலது காலை. இப்போது தடவுவது இடது காலை. முகத்தில் களைப்பில்லை, மூச்சு வாங்கவில்லை. பிறகு எதற்காக நிற்கிறாள்?

அவள் நிற்கும்போதெல்லாம் பக்கத்தில் நின்றவர் பாண்டிருப்புச் செல்லத்தம்பி மாஸ்டர். பம்பும் பஞ்சர் பெட்டியும் அவரிடம்; கடைசி ஆளுக்குப் பின்னால் வருவதுதான் அவருக்குக் கொடுத்த வேலை. அந்த வேலையைக் கொடுத்தவர்களே இப்போது ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

ஜெமீல் ஊர் வழக்கப்படி, கலியாணம் முடித்த நாளிலிருந்து மனைவி வீட்டில் இருக்கிறவன். ஷரிபுதீன் அந்த மனைவியின் காக்கா. தங்கச்சியைப் பற்றி ஒரு கதை கிளம்பினால், அவன் வீடு போய்ச் சேருமுன் அது அவன் சாப்பிடுகிற பாயில் குந்தியிருக்கும்.

ஐந்தாம் தரம் நின்றபோது அவளைப் பாறைப் பக்கம் இழுத்துக்கொண்டு போனான்.

"உண்மையைச் சொல்லு. அந்த மாஸ்டரோட என்ன கதை உனக்கு?"

சுபைறா கையை விடுவித்துக்கொண்டாள்.

"பஞ்சரைப் பற்றித்தான் கதைச்ச. காக்கா, உங்கட மச்சானைத் திரும்பிப் பாருங்க. விசிலை வாயில வச்சிரிக்கார். சத்தம் வருதா?"

ஜெமீல் திரும்பினான். ஷரிபுதீன் செயினைப் பார்ப்பவர்போலச் சைக்கிளுக்குப் பின்னால் குனிந்திருந்தார். தோள் இரண்டும் ஏறி இறங்கின. விசிலைச் சுற்றி உதடு நீலமாக இருந்தது.

"முட்டு இழுக்குது, மூச்சு எடுக்க ஏலாம. குளிர் ஏற ஏறக் கூடும்," என்றாள். "வாப்பாவுக்கும் இப்பிடித்தான் உதடு நீலிச்ச. நீங்க அப்ப கடையில இருந்தீங்க. நான்தான் பக்கத்துல இருந்தன்."

"அவர்ட்டச் சொல்லி நிப்பாட்டன்."

"இறங்கித் தள்ளுற ஆளை பஸ்ஸில ஏறச் சொன்ன மனிசன், நிப்பாரா? நான் நின்டா என்னை ஏசுறதுக்காவது நிப்பார். அதுக்குள்ள மூச்சு வந்திரும்."

"உனக்கு அங்கத்துவம் கிடைக்காம போயிடுமே, புள்ள."

"ஓம். அதுக்கு நீங்க இரிக்கீங்கதானே, சொல்ல."

எல்ல ஊர்த் தேநீர்க்கடையில் சூடான பிளேன்டீ இரண்டு குடித்த பிறகு ஷரிபுதீனின் முகத்துக்கு நிறம் திரும்பியது. ஜெமீலைத் தனியே கூப்பிட்டார்.

"மச்சான், எனக்கு முட்டு வந்தது ஒருத்தருக்கும் தெரியாதுதானே?"

"தெரியா."

"உங்கட தங்கச்சி இடையில இடையில நின்டது நல்லதாப் போச்சு."

"ஓம், மச்சான்."

மாத முடிவில் சங்கக் கூட்டம் நடந்தது. பெண்களைப் பயணத்தில் சேர்ப்பதில்லை என்ற தீர்மானத்தை ஷரிபுதீன் முன்மொழிந்தார்.

"ஐந்து தரம் நிப்பாட்டினா. நான் விசில் ஊதி ஊதியே களைச்சுப்போனன். வேற கதையும் ஊர்ல உலாவுது, அதை நான் கதைக்கல்ல. கூடப்பிறந்தவர் இஞ்ச இரிக்கார், கேளுங்க."

எல்லோரும் ஜெமீலைப் பார்த்தார்கள். செல்லத்தம்பி மாஸ்டரும் பார்த்தார்.

ஜெமீல் எழுந்தான். தீர்மானத்தை வழிமொழிந்துவிட்டு உட்கார்ந்தான்.

சுபைறாவுக்கு அங்கத்துவம் கிடைக்கவில்லை. 'வேற கதை' வீடு வந்து சேர்ந்ததும் சைக்கிளும் போனது. அடுத்த தவணை முழுவதும் பஸ்ஸை நம்பிச் சவளக்கடைக்குப் போனாள், பிந்தி வந்ததற்காக அதிபருக்கு மூன்று தரம் விளக்கம் எழுதிக் கொடுத்தாள்.