இணைப்பில் இருவர்

கிசிலோர்தா நகரை விட்டு ரயில் புல்வெளிக்குள் நுழைந்ததும் மடிக்கணினியில் இணையம் திணறியது. சால்தனாத் கைபேசியின் ஹாட்ஸ்பாட்டைத் திறந்து பார்த்தாள். இரண்டு கருவிகள் இணைந்திருந்தன. ஒன்று அவளுடைய மடிக்கணினி. மற்றதன் பெயர் நூர்லிபெக். அது அவள் அண்ணன் பெயர். ஆறு வருஷத்துக்கு முன் மீன்பிடிக்கப் போனவன், உறைந்த ஏரியில் பனிப்பாளம் உடைந்து கைபேசியோடு மூழ்கிப்போனான்.

கடவுச்சொல்லை மாற்றினாள். நூர்லிபெக் உடனே மறுபடி இணைந்தது.

எதிரே தேநீர் குடித்துக்கொண்டிருந்தவரிடம் கேட்டாள். "அண்ணே, உங்க போன் பேரு நூர்லிபெக்கா?"

"என்னுது பட்டன் போனும்மா. பேரு வெச்சுக் கூப்பிட்டாலும் வராது."

அப்போது அம்மா வீட்டிலிருந்து கைபேசியில் அழைத்தாள். "ஏன்டி, கிளம்புற அவசரத்துல ரொட்டிய ரெண்டு தரம் கடிச்சியா?"

அவர்கள் ஊர் வழக்கப்படி, பயணம் போகிறவர் ஒரு கடி கடித்த ரொட்டியை, அவர் திரும்பும்வரை வீட்டில் பத்திரமாக வைத்திருப்பார்கள்.

"ஒரே தரந்தாம்மா."

"இன்னொரு கடி இருக்கே. முன்பல்லு நடுவுல இடைவெளி தெரியுது."

சால்தனாத் தன் முன்பற்களை நாக்கால் தடவிப் பார்த்தாள். இடைவெளி இல்லை. அது அண்ணனுக்குத்தான் இருந்தது.

அம்மா மெதுவாகக் கேட்டாள்.

"உன்கூடவா வர்றான்?"